ஸ்ரௌவ்வில்லில் நான்கு தூண்கள்

ரோமாபுரிக்குப் போய்வந்த நாற்பத்திரண்டு பேரில் நாற்பத்தொரு பேர் செபமாலையும் தீர்த்தப் போத்தலும் கொண்டு வந்தார்கள். அன்புராசா மட்டும் தூண் கொண்டு வந்தார். கையில் இல்லை, தலைக்குள். கையில் கொண்டு வந்திருந்தால் எயார்போட்டிலேயே மறித்திருப்பார்கள், அவருடைய மனைவி செலீனுக்கும் இவ்வளவு கரைச்சல் வந்திராது.

ரொறன்ரோவில் ஸ்காபரோப் பங்குச் சனம் செப்டம்பரில் ஒன்றுசேர்ந்து போன யாத்திரை அது. பந்தெயோன் என்று ஒரு பழைய கோயில், இப்போது மாதாவின் ஆலயம். உள்ளே எல்லோரும் முழந்தாளிட்டிருக்க, அன்புராசா வாசலில் நின்று தூணைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தார். கை எட்டவில்லை. இருதய ஒப்பரேசன் செய்து எட்டு மாதமே ஆகியிருந்த நீக்கிலாப்பிள்ளையையும், வழியே போன ஒரு ஜெர்மன்காரரையும் மறித்துக் கைகோக்க வைத்து, மூன்று பேராகத் தூணைச் சுற்றி வளைத்த பிறகுதான் உள்ளே வந்தார்.

"ஒரே கல்லடி! பொருத்தில்லை, ஒட்டில்லை. எகிப்திலயிருந்து கப்பலில கொண்டந்தவங்களாம்," என்று மனைவியின் காதுக்குள் சொன்னார்.

"சிலோனிலயிருந்து நாங்கள் வந்துசேர்ந்த பாட்டுக்கு, கல்லு குடுத்துவச்சது," என்றாள் செலீன், செபமாலையை உருட்டிக்கொண்டே.

அன்புராசா சிரித்தார். செலீன் சொல்வதற்கு அவர் எப்போதும் சிரிப்பார். அந்த விசயத்தில் அவரைப் போல ஒரு புருசன் கிடைப்பது கஷ்டம்.

திரும்பி வந்த பிறகு ரொறன்ரோவில் ஒன்றும் அவருடைய கண்ணுக்குப் பிடிக்கவில்லை. இருபத்திரண்டு வருடமாக இருக்கிற பதினான்காம் மாடி அப்பார்ட்மென்றின் சுவரைக் குட்டிப் பார்த்து, "மட்டை" என்றார். கட்டடத்தின் நிலக்கீழ்ப் பார்க்கிங் மூன்றாவது வருடமாகத் திருத்த வேலையில் கிடந்தது. அதன் வாசலில் கட்டியிருந்த மஞ்சள் நாடாவைக் காணும்போதெல்லாம், "அவன்ர கொங்கிரீற் ரண்டாயிரம் வருசமா நிக்குது. எங்கட கொங்கிரீற் ஐம்பது வருசத்தில கொட்டுண்ணுது," என்று பெருமூச்சு விட்டார். கேட்க வீட்டில் ஆளில்லாவிட்டால் எலிவேற்றரில் வருகிற சீனத்துக் கிழவருக்குச் சொன்னார். அவருக்கு அன்புராசாவின் இங்கிலிஷ் விளங்கவில்லை. அன்புராசாவுக்கு அது ஒரு குறையாகத் தெரியவில்லை.

கடைசி மகள் நிரோஷினி யூனிவெர்சிற்றியில் ரோமாபுரி வரலாற்றை ஒரு பாடமாக எடுத்தவள். இப்போது பாங்கில் வேலை. படித்ததற்கு ஒரு பிரயோசனமும் இல்லையென்று நினைத்திருந்தவளுக்கு, அப்பாவின் தூண் பெரிய வாய்ப்பாகிவிட்டது.

"அப்பா, நிண்டதைத்தான் நீங்கள் பாத்தனீங்கள். விழுந்ததை ஆர் காட்டுவினம்? அங்கயும் அப்பார்ட்மென்ற் இருந்தது, அஞ்சு மாடி, ஆறு மாடி. லாண்ட்லோர்ட் அரைகுறையாக் கட்டுவான், இடிஞ்சு விழும், இல்லாட்டி நெருப்புப் பிடிக்கும். மேல் மாடியில இருக்கிறவன்தான் ஏழை. தண்ணியைக் கீழயிருந்து தூக்கிக்கொண்டு ஏறவேணும். Literally no kitchen. பணக்காரன் கீழ் மாடியில இருப்பான்."

"இஞ்ச பேஸ்மென்றில இருக்கிறவன் ஏழை, உச்சியில இருக்கிறவன் பணக்காரன்," என்றார் அன்புராசா, அதிசயத்தோடு. "அப்பிடியே தலைகீழ்!"

"அப்ப பதினாலாம் மாடி எண்டால் நாங்கள் ரோமாபுரியில பிச்சைக்காரர், ரொறன்ரோவில பரவாயில்லாத ஆக்கள்," என்றாள் செலீன், மீனுக்கு மஞ்சள் பூசியபடி. "ரொறன்ரோக் கணக்கிலயே இருந்திட்டுப் போவம், என்னப்பா?"

அன்புராசா சிரித்தார். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அதுக்குத்தான் சொல்லுறன், நிலத்தில ஒரு வீடு வேணும். எலி வளையெண்டாலும் தனி வளை வேணும்," என்றார்.

"எலி வளைக்கு நாலு தூண் எதுக்கு?"

அதற்கும் சிரித்தார். ஆனால் அடுத்த ஞாயிறு பூசை முடிந்ததும், வீடு விற்றுக் கொடுக்கிற லெஸ்லியைப் பிடித்துக் கதைத்துவிட்டார். மார்க்கம் என்ற ஊரையும் தாண்டி வடக்கே, ஸ்ரௌவ்வில்லில் ஒரு புதுக் குடியிருப்பு எழும்பிக்கொண்டிருந்தது. அங்கே ஒரு வகை வீட்டுக்கு முன்னால் நான்கு வெள்ளைத் தூண்கள் இருக்கின்றனவாம். மொடல் வீட்டைப் பார்த்துவிட்டு அங்கேயே கையெழுத்தும் வைக்கலாம் என்று நவம்பர் மாதத்துச் சனிக்கிழமை ஒன்றுக்கு நாள் குறித்தாயிற்று. வங்கிக் கடனுக்குப் புருசன் பெண்சாதி இரண்டு பேருடைய கையெழுத்தும் வேண்டும்.

செலீனுக்கு இது எவ்வளவு பெரிய விசயம் என்று விளங்க, அவளுக்குக் கார் ஓடத் தெரியாது என்பது முதலில் தெரியவேண்டும். ஒருமுறை பழகப் போனாள். பழக்கிய மனிசன் நாலாம் நாள் தொழிலையே மாற்றிக்கொண்டார். அவளுடைய உலகம் முழுவதும் அப்பார்ட்மென்ற் வாசலிலிருந்து ஐந்து நிமிட நடைக்குள் இருந்தது. ரோட்டைக் கடந்தால் பிளாசா. அங்கே அவள் காலை முழுவதும் நின்று ரோல்ஸ் சுற்றுகிற ரேக் அவுட் சாப்பாட்டுக் கடை, பக்கத்தில் மரக்கறிக்கடை, மீன்கடை, பின்பக்கத்தால் போனால் சேர்ச். ஒன்பதாம் மாடியில் வேரோனிக்கா, இருபத்திரண்டு வருடச் சிநேகிதி, நிரோஷினியின் ஞானத்தாய். மீன் வந்துவிட்டதா என்று கேட்கப் போகிற செலீன், இரண்டு கலியாணப் பேச்சும் மூன்று பேருடைய சீனி வருத்தமும் ஒரு வழக்கும் கேட்டறிந்துகொண்டுதான் திரும்புவாள். சிலவேளை மீனை மறந்துவிட்டும் வருவாள்.

அன்புராசாவுக்குப் பாண் சுடுகிற பக்டரியில் வேலை. விடிய முதல் போனால் பின்னேரம்தான் வருவார். ஸ்ரௌவ்வில்லுக்குப் போனால் அந்த நேரம் முழுவதும் அவள் நான்கு தூணுக்குப் பின்னால் தனியே இருக்கவேண்டும். கதைக்க ஆளில்லாமல் போனால் தான் செலீனே இல்லை என்று அவளுக்குத் தோன்றியது. பயந்தாள், உண்மையாகவே பயந்தாள். ஆனால் அந்தப் பயம் வாய்க்கு வரும்போது பகிடியாகத்தான் வந்தது. மன்னாரில் அவளுடைய குடும்பமே அப்படி. தகப்பன் செத்தவீட்டில் தாய் சொன்ன ஒரு கதைக்குச் சுவாமியார் புத்தகத்தால் முகத்தை மறைத்துக்கொண்டு சிரித்தாராம்.

இத்தனைக்கும் அந்த யாத்திரையில் செலீனுக்கும் ஒரு இடம் பிடித்திருந்தது. எரிமலைச் சாம்பலுக்குள் புதைந்து பிறகு தோண்டியெடுத்த பொம்பேய் என்ற ஊருக்கு ஒரு நாள் கூட்டிக்கொண்டு போனார்கள். அங்கே தெருவோரத்தில் கல்லால் கட்டிய ஒரு கவுண்டர். அதில் வட்ட வட்டமாகப் பானை இறக்கிய குழிகள். வீட்டில் குசினி இல்லாத சனம் வந்து சுடச்சுட வாங்கிச் சாப்பிடுகிற கடை என்று வழிகாட்டி சொன்னார். தான் நிற்கிற ரேக் அவுட் கவுண்டரில் ஆட்டுக்கறித் தட்டும் பருப்புத் தட்டும் இறக்கியிருக்கிற மாதிரியேதான் அதுவும் இருந்தது. செலீன் ஒரு குழிக்குள் கையை விட்டுத் துழாவிப் பார்த்து, "கறி முடிஞ்சுது, நாளைக்கு வாங்கோ," என்றாள். நாற்பத்தொரு பேரும் சிரித்தார்கள். அவர்கள் போன பிறகும் அவள் கவுண்டருக்குப் பின்னால் கொஞ்ச நேரம் நின்றாள். எதிரே ஒரு பேக்கரி, சந்தியில் தண்ணீர்த் தொட்டி, மழைக்குள் சனம் கால் நனையாமல் கடக்கத் தெருவுக்குக் குறுக்கே போட்ட மிதிகற்கள். இந்த ஊரில் நான் சந்தோசமாக இருந்திருப்பேன், எரிமலை வரும்வரைக்கும், என்று நினைத்தாள்.

சனிக்கிழமை வந்தது. நிரோஷினி காரோட்டினாள். நெடுஞ்சாலை முடிந்து, வயல் முடிந்து, திடீரென்று வீடுகள் தொடங்கின. எல்லாம் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள். மொடல் வீட்டு வாசலில் லெஸ்லி கோட்டும் சூட்டும் போட்டுச் சிரித்துக்கொண்டு நின்றான்.

"வாங்கோ அண்ணை, வாங்கோ அக்கா. இதுதான் அண்ணை கேட்ட வீடு."

அன்புராசா வீட்டைப் பார்க்கவில்லை. தூணைப் பார்த்தார். நான்கும் வெள்ளை வெளேரென்று இரண்டு மாடி உயரத்துக்கு நின்றன. ஒன்றை அண்மித்து, கட்டிப்பிடித்தார். இங்கே ஒருவரே போதுமாயிருந்தது. அதன் பிறகு, பலாப்பழம் முற்றியதா என்று பார்க்கிற மாதிரி விரலை மடக்கி மூன்று தட்டுத் தட்டினார். தூண் டொங்கென்றது.

"ஃபைபர்கிளாஸ் அண்ணை," என்றான் லெஸ்லி. "உள்ளுக்கு ஒரு மரக்கட்டை நிக்குது. பாரம் அதுதான் தாங்குது. இது வடிவுக்கு."

அன்புராசாவின் முகம் விழுந்துவிட்டது. பாவமாக இருந்தது செலீனுக்கு. மனிசன் எகிப்திலிருந்து கப்பலில் வரும் என்று எதிர்பார்க்கவில்லைத்தான், இருந்தாலும் ஒரு பாரம் இருக்கும் என்று நம்பியிருந்தார்.

நிரோஷினிதான் காப்பாற்றினாள். "ரோமாபுரியிலயும் உந்தச் சுத்துமாத்து இருந்ததப்பா. பொம்பேயில கனக்கத் தூண் உள்ளுக்குச் செங்கல்லு, வெளியில சாந்து பூசி மாபிள் மாதிரிக் காட்டினது. Fake it till you make it."

"கேட்டியே செலீன்?" அன்புராசா நிமிர்ந்தார். "ரோமாபுரிக்காரன் செய்ததைத்தான் இவங்களும் செய்திருக்கிறாங்கள்!" பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நிற்கிற மனிதருக்குத் தூணை எந்தப் பக்கத்தால் தட்டினாலும் ஒரே சத்தம்தான் கேட்கும்.

வாசலில் ஒரு கூடைக்குள் நீலப் பிளாஸ்ரிக் உறைகள் கிடந்தன. தரை அழுக்காகாமல் சப்பாத்துக்கு மேலே போடவேண்டுமாம். எல்லோரும் போட்டுக்கொண்டு சரக் சரக்கென்று உள்ளே போனார்கள். கூடத்தில் கூரை இரண்டு மாடிக்கு மேலே இருந்தது, உச்சியில் ஒரு கண்ணாடி. அன்புராசா அண்ணாந்து பார்த்தார்.

"ரோமாபுரிக்காரன்ர வீட்டிலயும் இதே மாதிரித்தான், நடுக் கூடத்துக்கு மேல கூரை திறந்திருக்கும். மழைத் தண்ணி உள்ளுக்க விழுந்து தொட்டியில நிறையும்."

"கவலைப்படாதேங்கோ, உந்தக் கண்ணாடியும் ரண்டு வருசத்தில ஒழுகும்," என்றாள் செலீன். "தொட்டியை மட்டும் வாங்கினாச் சரி."

அன்புராசா சிரித்தார், லெஸ்லி இன்னும் கூடச் சிரித்தான். குளியலறைத் தரைக்குக் கீழே சூடு வைக்கலாம் என்று அவன் சொன்னபோது, ரோமாபுரியில் அடிமைகள் நெருப்பெரித்துத் தரையைச் சூடாக்கிய கதையை அன்புராசா எடுத்தார். நாலு குளியலறை என்றதும், அங்கே இருபது பேர் ஒரே பலகைக் கல்லில் வரிசையாக இருந்து கதைத்துக் கதைத்துப் போன கதையை நிரோஷினி எடுத்தாள்.

"ஒரு துணையெண்டாலும் இருந்திருக்கு," என்றாள் செலீன். "இஞ்ச நாலு கக்கூஸ், மனிசி ஒண்டு."

இதற்கு நிரோஷினிகூடச் சிரித்துவிட்டாள்.

குசினியின் நடுவே ஒரு பெரிய கல்மேசை. லெஸ்லி அதில் கடதாசிகளைப் பரப்பினான். வீட்டுக்குள் சூடாக இருந்ததால் அன்புராசா கோட்டைக் கழற்றிக் கதிரையில் போட்டுவிட்டு, காட்டிய இடமெல்லாம் கையெழுத்து வைத்தார். ஒவ்வொன்றுக்கும் கீழே ஒரு கோடு வேறு இழுத்தார். முடித்துவிட்டுப் பேனாவைச் செலீனிடம் நீட்டினார்.

"ரோமாபுரியில எண்டால் பெண்டுகள் தனிய வைக்கிற கையெழுத்துச் செல்லாதாம். ஒரு ஆம்பிளை பக்கத்தில நிண்டு ஓம் எண்டு சொல்லவேணுமாம்," என்று கண்ணடித்தார்.

"மூண்டு பிள்ளை பெத்தவைக்குச் செல்லும்," என்றாள் நிரோஷினி. "அது சட்டம்."

செலீன் பெற்றது மூன்று. மூத்தவன் றொய்சன் விட்பியில், அடுத்தவள் மெலிசா பிக்கரிங்கில், கடைசி இவள். "அப்ப எந்த நாட்டிலயும் என்ர கையெழுத்துக்கு மதிப்பிருக்கு," என்று பேனாவை வாங்கினாள். கைப்பையையும் பேனாவையும் மேசையில் வைத்துவிட்டு, லெஸ்லியைப் பார்த்தாள்.

"தம்பி, இஞ்ச பாண் எங்க வாங்கிறது?"

"பாணோ அக்கா? அங்கால ஒரு காஸ் ஸ்ரேசன் இருக்கு. அதுக்குள்ள கடை. மூண்டு நிமிசம்."

"நடந்தோ?"

"காரில."

"நடந்து போனா?"

லெஸ்லி அப்படி ஒரு கேள்வியை அந்தத் தொழிலுக்கு வந்த நாளிலிருந்து கேட்டதில்லை. "நடந்து ஆரும் போறேல்லை அக்கா," என்றான்.

"அப்ப நான் ஒருக்காப் போட்டு வாறன். பாணோட வந்து கையெழுத்து வைக்கிறன்."

மூன்று பேரும் சிரித்தார்கள். அன்புராசா மேசையில் தட்டித் தட்டிச் சிரித்தார். அந்தச் சிரிப்புக்குள்ளேயே செலீன் தன் கோட்டைப் போட்டு, நீல உறையைக் கழற்றிக் கூடைக்குள் போட்டுவிட்டு, கதவைத் திறந்து வெளியே போய்விட்டாள்.

தெருவில் ஒரு குருவி இல்லை. வீடுகளுக்கு முகம் இருக்கவேண்டிய இடத்தில் கராஜ் கதவுகள் இருந்தன. பொம்பேய் வீட்டின் முன்பக்கம் கடை இருந்தது, வாங்கோ என்று கூப்பிடுகிற மாதிரி. இங்கே முன்பக்கம் காருக்குப் படுக்கையறை. இருபது வீட்டைத் தாண்டினாள், ஒரு மனித முகம் காணவில்லை. ஒரு வாசல் மணியிலிருந்த கமரா மட்டும் நீல வெளிச்சம் போட்டுப் பார்த்தது. "சுகமா இருக்கிறியளோ?" என்று அதைக் கேட்டாள். செத்துப்போன ஊர் என்று காசு கொடுத்துப் பார்த்துவிட்டு வந்த ஊரில் இதைவிடச் சனம் இருந்ததே என்று நினைத்ததும் அவளுக்குச் சிரிப்பு வரவில்லை, அழுகை வந்தது.

பெரிய ரோட்டுக்கு வந்ததும் நடைபாதை முடிந்துவிட்டது. முடிந்தது என்றால், சீமெந்து ஒரு கோட்டோடு நின்று அப்பால் சேறு. மண் ஏற்றிய லொறிகள் விசிறிக்கொண்டு போயின. காற்று முகத்தில் அறைந்தது. கால் நனையாமல் கடக்க இங்கே யாரும் ஒரு கல்லும் போட்டு வைத்திருக்கவில்லை. செலீன் புல்லுக்குள் இறங்கி நடந்தாள். திரும்பிப் போய்விடலாம் என்று இரண்டு முறை நினைத்தாள். திரும்பிப் போனால் அங்கே பேனா இருக்கிறது. அதனால் நடந்தாள். பெற்றோல் அடிக்கிற காஸ் ஸ்ரேசனின் சிவப்புப் பலகை தெரிந்தபோது அவளுக்குக் காதும் விரலும் மரத்துப் போயிருந்தன.

கடை வாசலில் கதவைத் தள்ளப்போன பிறகுதான் ஞாபகம் வந்தது. கைப்பை மேசையில்.

"என்ர மாதாவே," என்று திரும்பினால், பின்னால் கொஞ்சத் தூரத்தில் அன்புராசா வந்துகொண்டிருந்தார். கோட்டு இல்லை. வெறும் சுவெற்றர். ஒரு முழங்கால் எப்போதும் நோகிற மனிசன், அதை இழுத்து இழுத்து, சேறு தெறித்த களிசானோடு வந்தார். சப்பாத்துக்கு மேலே நீலப் பிளாஸ்ரிக் உறை அப்படியே இருந்தது. ஒன்று கிழிந்து வால்போல இழுபட்டது.

"உதென்னப்பா கோலம்?"

"நீ... வாசல்ல நிக்கிறாய் எண்டு நினைச்சன்," மூச்சு வாங்கினார். "பாத்தால்... நீ தெருவின்ர அந்தத் தொங்கல்ல போறாய்."

"கூப்பிட்டிருக்கலாமே?"

"கூப்பிட்டனான். காத்து. பிறகு நீ இப்ப திரும்புவாய், இப்ப திரும்புவாய் எண்டு வந்தன்." நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். "பாணை வாங்கு, போவம்."

"பேர்ஸ் அங்க."

"என்ரயும் கோட்டுக்குள்ள. போனும்."

ஆளையாள் பார்த்தார்கள். செலீன் தன் சால்வையை எடுத்து அவருடைய கழுத்தில் சுற்றிவிட்டாள். உள்ளே காசாளராக நின்ற பிள்ளை அவர்களுடைய காலைப் பார்த்துவிட்டுக் கேள்வி கேட்காமல் போனைக் கொடுத்தாள். நிரோஷினியின் நம்பர் இரண்டு பேருக்கும் பாடமில்லை. பெற்ற பிள்ளைகளின் நம்பர் எல்லாம் போனுக்குள்தான் இருந்தது. செலீனுக்குப் பாடமாகத் தெரிந்தது ஒரேயொரு நம்பர், ஒன்பதாம் மாடி நம்பர்.

"ஸ்ரௌவ்வில்லில காஸ் ஸ்ரேசனில நிண்டு என்னடி செய்யிறாய்?" என்று வேரோனிக்கா கத்தியது அன்புராசாவுக்கும் கேட்டது.

"பாண் வாங்க வந்தனான். நிரோஷினிக்கு அடிச்சுச் சொல்லு, ஏத்த வரச்சொல்லி."

"ஸ்ரௌவ்வில்லிலயோ பாண்? ஏன், எங்கட பிளாசா நெருப்புப் பிடிச்சிட்டுதோ?"

போனைக் கொடுத்துவிட்டு, கடைக்குள் சூடு வரும் இடமாகப் பார்த்து, ஜன்னலோரத்தில், பனிக்காலத்தில் வாசலில் தூவுகிற உப்பு மூட்டைகள் அடுக்கிய பலகையில் இருவரும் இருந்தார்கள். எதிரே ஒரு தட்டில் பாண் இருந்தது. வெட்டி, உறை போட்டு, அன்புராசாவின் பக்டரியில் செய்தது. வாங்கக் காசில்லை.

"பிள்ளையள் வந்தா ஒரு மணித்தியாலத்தில எழும்பிப் போகுதுகள்," என்றார் அன்புராசா, அந்தப் பாணைப் பார்த்தபடியே. "கார் விட இடமில்லை, இருக்க இடமில்லை. பெரிய வீடெண்டால் நிப்பினம் எண்டு நினைச்சன். நத்தாருக்கு எல்லாரும் படுத்தெழும்பலாம். அதுதான்."

செலீனுக்கு நெஞ்சு இளகிவிட்டது. இத்தனை நாளும் இந்த மனிசன் தூணைத்தான் கட்டிப்பிடிக்கிறார் என்று நினைத்திருந்தாளே.

"றொய்சன் விட்பியில பெரிய வீடுதானே வச்சிருக்கிறான்," என்றாள் மெல்ல. "அங்க போனா நாங்கள் எவ்வளவு நேரம் நிக்கிறம்?"

அன்புராசா யோசித்தார். "ஒரு மணித்தியாலம்," என்றார்.

வெளியே ஒரு லொறி எண்ணெய் அடித்துவிட்டுப் போனது. செலீன் கையை மடியில் வைத்து, வேறு எங்கேயும் பார்க்காமல், அவரையே பார்த்தாள்.

"எனக்கு இந்த வீடு வேண்டாமப்பா. எனக்குப் பயமாயிருக்கு. நீங்கள் வேலைக்குப் போனா நான் ஆரோட கதைக்கிறது? பிள்ளையளுக்கெண்டு வேற எதையும் செய்வம். இது வேண்டாம்."

அன்புராசா அவளுடைய முகத்தில் பகிடியைத் தேடினார். இல்லை.

"உதை முதலே சொல்லியிருக்கலாமே, செலீன்? நான் கையெழுத்தும் வச்சிட்டன்."

"செப்டம்பரிலயிருந்து சொல்லுறன். எலி வளைக்குத் தூண் எதுக்கெண்டன், நாலு கக்கூசுக்கு மனிசி ஒண்டெண்டன், ரொறன்ரோக் கணக்கிலயே இருப்பமெண்டன். நான் சொல்லச் சொல்ல நீங்கள் சிரிச்சியள்."

வழக்கம்போலச் சிரிக்கத்தான் அவருடைய வாய் திறந்தது. பாதியில் மூடிக்கொண்டது. முப்பத்திரண்டு வருடமாகத் தன் மனைவியின் பேச்சுக்கு வயிறு குலுங்கச் சிரித்தது, அவளைக் கேட்டதாகாது என்று ஒரு மனிதனுக்குக் காஸ் ஸ்ரேசனில் விளங்கினால், அவனும் என்னதான் செய்வான்? குனிந்து, கிழிந்த நீல உறையைக் காலிலிருந்து கழற்றினார்.

நிரோஷினியின் கார் வந்து நின்றது. மகள் கண்ணாடியை இறக்கி, "Are you guys okay? வாசல்ல நிண்டு கதைக்கிறியள் எண்டெல்லோ நினைச்சம். லெஸ்லி அங்கிள் பேப்பரோட பாத்துக்கொண்டு நிக்கிறார்," என்றாள்.

அன்புராசா எழுந்து கதவைத் திறந்துபிடித்தார். "போய் என்ர கோட்டையும் கொம்மான்ர பேர்ஸையும் எடுப்பம். கையெழுத்தில்லை எண்டு லெஸ்லிக்கு நான் சொல்லுறன்."

நிரோஷினி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். இரண்டு பேரும் பின் சீற்றில் ஏறினார்கள். லெஸ்லிக்குச் சொல்லியாயிற்று, கோட்டும் பேர்ஸும் மடிக்கு வந்தன, கார் வீட்டுப்பக்கம் திரும்பியது. அன்புராசாவின் நெற்றி சுருங்கிச் சுருங்கி விரிந்தது. எதையோ எங்கேயோ ஆழத்திலிருந்து ஒவ்வொன்றாகத் தோண்டி எடுத்துத் தூசு தட்டிப் பார்க்கிறார் என்று செலீனுக்குத் தெரிந்தது.

"செலீன்."

"என்ன?"

"நான் சேர்ச்சில பாடினா மாதாவே காதைப் பொத்துவா எண்டனீ."

"ஓம்."

"மீசைக்கு மை பூசினா களவெடுத்த பூனை மாதிரி எண்டனீ. என்ர அண்ணையைக் கட்டியிருந்தா இண்டைக்கு நல்லாயிருந்திருப்பன் எண்டனீ." குரல் கொஞ்சம் இறங்கியது. "அதெல்லாமும் உண்மையோ?"

செலீன் ஜன்னலால் பார்த்தாள். கடைசிக் கராஜ் கதவும் பின்னுக்குப் போய்க்கொண்டிருந்தது. நியாயமாக யோசித்துத்தான் பதில் சொன்னாள்.

"அரைவாசி," என்றாள்.

எந்த அரைவாசி என்று அன்புராசா கேட்கவில்லை. சிரிக்கவுமில்லை. கையை நீட்டி அவளுடைய விறைத்த விரல்களைப் பிடித்துத் தன் சுவெற்றருக்குள் வைத்துக்கொண்டார்.